ஏணியை எப்படி சாத்தணும், எப்படி ஏறணும், கீழ யாரு நிக்கணும்

பொங்கல் நெருங்குச்சுன்னா ஊர்ல பாதி வீட்டு வாசல்ல ஒரு ஏணி சாஞ்சு நிக்கும். வெள்ளையடிக்க, ஒட்டடை அடிக்க, டேங்க் கழுவ, சீரியல் லைட் மாட்டன்னு வருஷம் பூரா மூலையில கிடந்த ஏணியை அன்னைக்குத்தான் இழுத்துட்டு வருவாங்க. நான் பெயிண்டிங் வேலை காண்ட்ராக்ட் எடுத்து செய்யறவன், எங்க பொழப்பே ஏணி மேலதான், அதனால இதை கொஞ்சம் விரிவாவே எழுதறேன். யாராவது விழுந்துட்டா "மேல என்னப்பா பண்ணிட்டு இருந்தே"ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் விஷயம் அவன் முதல் படியில கால் வைக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிருக்கும், ஏணியை சாத்தின விதத்துலயே. அதனால ஏறுறதை விட சாத்துறதைப் பத்திதான் இதுல ஜாஸ்தி இருக்கும்.

எந்த ஏணி

வீட்டுக்குள்ள ஃபேன் துடைக்க, பல்பு மாத்த, லாஃப்ட்ல சாமான் எடுக்க மடக்கு ஏணி போதும், கடையில ஏ டைப்னு கேட்டா தருவான். எத்தனை அடி வாங்கறதுன்னு குழப்பம் வேண்டாம், சாதாரண உசரம் உள்ள ஆள் மடக்கு ஏணியோட அளவுல இன்னும் 4 அடி கூட்டினா வர்ற உசரம் வரைக்கும் வேலை செய்யலாம். 10 அடி சீலிங் இருக்கற வீட்டுக்கு 6 அடி ஏணி தாராளம். 4 அடி ஏணியை வாங்கிட்டு உச்சித் தட்டுல ஏறி நிக்கறவங்கதான் அதிகம், அந்த 2 அடியில மிச்சம் பிடிச்ச காசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

வெளிச்சுவர், சன்ஷேட், மொட்டை மாடிக்கெல்லாம் சாத்தற ஏணி. மூங்கில், அலுமினியம், ஃபைபர்னு மூணு வகை பாப்பீங்க. கரண்ட் வேலை கொஞ்சமாச்சும் இருக்குன்னா ஃபைபர் ஏணிதான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, அந்த மஞ்சள் ஆரஞ்சு கலர்ல வருமே அது. அலுமினியம் தூக்க லேசா இருக்கும், ஆனா கரண்டு அப்படியே பாயும். மூங்கில்ல கரண்டு பாயாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, காஞ்ச மூங்கிலுக்கு அது ஓரளவு சரி, மழையில நனைஞ்சதுக்கோ பச்சை மூங்கிலுக்கோ சரி கிடையாது.

வாங்கறப்ப பக்கத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை படிங்க. எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருப்பான், 100, 120, 150ன்னு. ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் இஎன் 131ன்னு போட்டு வர்றது 150 கிலோ. அந்தக் கணக்குல உங்க வெயிட் மட்டும் இல்ல, கையில இருக்கற வாளி, ட்ரில் மெஷின், இடுப்புல கட்டின டூல் பை எல்லாம் சேரும். 80 கிலோ ஆள் முழு பெயிண்ட் வாளியோட 100 கிலோ ஏணியில ஏறுனா அங்கேயே லிமிட்டை தாண்டியாச்சு.

ஏறுறதுக்கு முன்னாடி படுக்க வச்சு பாருங்க

நின்ன நிலையில ஏணியை செக் பண்ண முடியாது. தரையில படுக்கப் போட்டு, ரெண்டு முனைக்கும் அடியில ஒவ்வொரு செங்கல் வச்சு, பக்கத்துல உக்காந்து பாக்கணும்.

அலுமினிய ஏணின்னா முதல்ல பாதத்தை பாருங்க, அந்த ரப்பர் புஷ் தேஞ்சு அலுமினியம் வெளிய தெரிஞ்சுச்சுன்னா டைல்ஸ் மேல நிக்கவே நிக்காது. புஷ் தனியா கடையில கிடைக்கும், விலை பெருசா ஒண்ணும் இல்ல, மாத்திடுங்க. அடுத்தது ரிவிட். படியை ரெண்டு கையால பிடிச்சு திருகிப் பாருங்க, கொஞ்சம் சுத்துனா கூட ரிவிட் லூசுன்னு அர்த்தம். பக்கச் சட்டம் ஒரு தடவை வளைஞ்சு அதை சுத்தியால தட்டி நேராக்கி வச்சிருந்தா அந்த ஏணியை ஏறுறதுக்கு இனி எடுக்காதீங்க. வளைஞ்சு நிமிந்த அலுமினியம் அதே இடத்துல மறுபடி மடங்கும்.

மூங்கில் ஏணியை பாக்கறது இன்னும் நிதானமான வேலை. முதல்ல மூங்கிலுக்கு அடியில மாவு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டியிருக்கான்னு பாருங்க, இருந்தா வண்டு உள்ள துளைச்சிருக்கு, மேல பளபளன்னு இருந்தாலும் உள்ள கூடுதான். அப்புறம் நகத்தை வச்சு நெடுக்க ஒரு இழு இழுங்க, வெடிப்பு இருந்தா நகம் மாட்டும். கணுவை தாண்டி ஓடின வெடிப்பு உள்ள மூங்கிலை ஒதுக்கிடணும். துளைக்குள்ள படி செருகின இடம்தான் ரொம்ப முக்கியம், அங்க தண்ணி இறங்கி கருப்பா ஊறியிருக்கும், ஒரு ஆணியால குத்திப் பாத்தா மெத்துனு இறங்கும், இறங்குனா முடிஞ்சுது. கட்டுக்கம்பி துரு பிடிச்சு அத்துப்போற மாதிரி இருந்தா புதுக் கம்பி போட்டு இறுக்குங்க. கடைசியா செங்கல் மேல படுக்க வச்ச ஏணியில ஒவ்வொரு படியா ஓரத்துல மிதிச்சுக்கிட்டே நடந்து வாங்க. உடையறதா இருந்தா தரைக்குப் பக்கத்துலயே உடையட்டும்.

மர ஏணிக்கும் மூங்கில் ஏணிக்கும் பெயிண்ட் அடிக்காதீங்க. பெயிண்டர் நானே சொல்றேனேன்னு நினைக்காதீங்க, கலர் அடிச்சா வெடிப்பு எல்லாம் மூடிப் போயிடும், அப்புறம் கண்டுபிடிக்க வழியே இல்ல. மழைக்கு பாதுகாக்கணும்னா உள்ள தெரியற மாதிரி வார்னிஷோ லின்சீட் எண்ணெயோ தடவுங்க.

இது ஒண்ணும் இன்னைக்கு வந்த கவலை இல்ல. குறுந்தொகையில ஒரு உவமை வருது, மலையில பெருந்தேனைப் பாத்துட்டு பழசாப்போன மால்புன்னு தெரியாம ஏறின ஒருத்தன். மால்புன்னா தேன் எடுக்க மலையில சாத்தற மூங்கில் கண்ணேணி. மலைபடுகடாத்துலயும் குரங்குகூட ஏற முடியாத உசந்த மலையில மால்பை வழியா வச்சு தேன் எடுத்த சேதி இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடி ஏணி பழசான்னு பாக்கணுங்கற புத்தி அவ்வளவு பழசு.

சாத்தறது

இனி முக்கியமான இடம். ஏணி சுவத்துல தொடற உசரம் 4 பங்குன்னா, அடி சுவத்துல இருந்து 1 பங்கு தள்ளி இருக்கணும். 12 அடி உசரத்துல தொட்டா 3 அடி தள்ளி, 16 அடியில தொட்டா 4 அடி தள்ளி. டிகிரியில சொன்னா ஏறக்குறைய 75. கடையில வாங்கின ஏணியில படிக்குப் படி சுமார் 1 அடி இருக்கும், அதனால சுவத்தைத் தொடற இடம் வரைக்கும் எத்தனை படின்னு எண்ணி நாலால வகுத்துக்கங்க. மூங்கில் ஏணியில படி இடைவெளி கட்டினவர் இஷ்டம், டேப் வச்சு அளக்கறதுதான் சரி.

டேப் இல்லையா, இன்னொரு வழி இருக்கு. ஏணியோட அடியில உங்க கால் பெருவிரல் முட்டற மாதிரி நேரா நில்லுங்க, கையை தோள் உசரத்துக்கு நேரா நீட்டுங்க. உள்ளங்கை ஏணியை சரியா தொட்டா சாய்வு சரி. கை எட்டலைன்னா ஏணி ரொம்ப படுத்திருக்கு, முழங்கை மடங்குச்சுன்னா ரொம்ப நிமிந்திருக்கு.

ஏன் இந்தக் கணக்குன்னு தெரிஞ்சா மறக்காது. ஏணி ரொம்ப நிமிந்து நின்னா மேல போனவன் கொஞ்சம் பின்னாடி சாஞ்சாலே ஏணியோட மல்லாக்க வருவான். ரொம்ப படுத்து கிடந்தா அடி வெளிய ஓடும். அதுலயும் ஒண்ணு கவனிக்கணும், நீங்க மேல போகப் போக உங்க வெயிட் சுவத்தை அதிகமா தள்ளும், அந்த அளவுக்கு அடியும் வெளிப்பக்கம் தள்ளும், அதனாலதான் ரெண்டாவது படியில நின்னு குதிச்சுப் பாத்தப்ப அசையாத ஏணி உச்சியில ஏறுனதும் சர்ருனு ஓடுது. கீழ நின்னு ஆட்டிப் பாத்துட்டு "கல்லு மாதிரி இருக்குப்பா"ன்னு சொல்றதை மட்டும் நம்பி ஏறக்கூடாது.

தரை எப்படி இருக்குன்னு பாருங்க. டைல்ஸ் கீறல் விழும்னு வீட்டுக்காரம்மா பழைய துணியோ சாக்கோ கொண்டுவந்து ஏணிக்கு அடியில போடச் சொல்வாங்க, தயவுசெஞ்சு போடாதீங்க, டைல்ஸ் மேல துணி, துணி மேல ஏணி, அதை விட வழுக்கறது ஒண்ணும் இல்ல. முரடான ரப்பர் மேட் இருந்தா போடலாம். மண் தரைன்னா ரெண்டு காலுக்கும் அடியில ஒரே அகலமான பலகை போடுங்க, இல்லாட்டி ஒரு கால் மட்டும் மெல்ல மெல்ல புதையும், மேல நிக்கறவனுக்கு ஏணி சாயறது லேட்டாத்தான் தெரியும். தரை மேடு பள்ளமா இருந்தா எல்லாரும் பள்ளத்துப் பக்கம் செங்கல் அடுக்குவாங்க. அதை செய்யாதீங்க, மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டி இறக்குங்க, ரெண்டு காலும் கெட்டித் தரையில உக்காரும்.

மேல் முனை எங்க சாயுதுன்னும் பாருங்க. கண்ணாடி ஜன்னல், பிவிசி பைப், ஆஸ்பெஸ்டாஸ் ஓரம் இதுலெல்லாம் சாத்தக் கூடாது. மொட்டை மாடிக்கோ சன்ஷேட் மேலயோ ஏறி இறங்கணும்னா ஏணி அந்த விளிம்பை தாண்டி 3 அடி மேல நீட்டிட்டு நிக்கணும். இதை நம்ம ஊர்ல யாரும் பாக்கறதில்ல, ஏணி கைப்பிடிச் சுவரோட சரியா முடியும், இறங்கறப்ப ஆள் குப்புறப் படுத்து காலை கீழ தொங்கவிட்டு படியை தடவுவார், பாக்கற நமக்கே வயிறு கலங்கும். 3 அடி நீட்டிட்டு இருந்தா அதை பிடிச்சுக்கிட்டு நின்னவாக்குல காலை மாத்தி வைக்கலாம்.

பெரிய ஏணியை ஒத்த ஆளா நிமித்தணும்னா அடியை சுவத்துல முட்டுக் கொடுங்க, அந்தப் பக்க முனையை தலைக்கு மேல தூக்கி, கையை ஒவ்வொரு படியா மாத்திக்கிட்டே சுவத்தைப் பாத்து நடந்து வாங்க, தானா நிமிரும், அப்புறம் அடியை இழுத்து சாய்வு கொடுங்க. நிமித்தறதுக்கு முன்னாடி மேல ஒரு தடவை பாருங்க. நல்லா பாருங்க. ஈபி லைன் போகுதா, பக்கத்து வீட்டுக்கு சர்வீஸ் ஒயர் போகுதா, மரக்கிளைக்குள்ள மறைஞ்சு போகுதா. வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்டே ஆளை எடுக்கும், தெருவுல போற 11,000 வோல்ட் லைனை தொடக்கூட வேண்டாம், ரொம்ப கிட்ட போனாலே தாவும். நம்ம தெருக்கள்ல முதல் மாடி ஜன்னலுக்கு கைக்கெட்டற தூரத்துல லைன் போறது எல்லாருக்கும் தெரியும். அப்படி இடத்துல வேலைன்னா ஈபி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து லைனை ஆஃப் பண்ண வச்சுட்டு செய்யுங்க, ஒருநாள் லேட் ஆகட்டும். ஏணியை தெருவுல கொண்டு போறப்பவும் நிமித்தி தூக்கிட்டு நடக்காதீங்க, படுக்க வச்சு ரெண்டு பேரா தூக்குங்க.

கட்டறதும் பிடிக்கறதும்

"ஒருத்தன் கீழ பிடிச்சுக்கோ"ன்னு சொன்னா போதும்னு நினைக்கறோம். பிடிக்கறது கடைசி வழி, கட்டறதுதான் முதல் வழி. 15, 16 அடி ஏணி சறுக்க ஆரம்பிச்சா கீழ நிக்கற ஆளால அதை நிறுத்த முடியாது, அவன் கையும் சேந்து போகும். முதல் தடவை மேல போறவர் ஒரு கயிறோட போய் ஏணியோட ரெண்டு பக்கச் சட்டத்தையும் ஜன்னல் கம்பியிலயோ தூண்லயோ இறுக்கக் கட்டணும். படியில கட்டாதீங்க, சட்டத்துல கட்டுங்க. ஏசி பைப்பு, கேபிள் ஒயர் இதுல கட்டறதும் கட்டாம விடறதும் ஒண்ணுதான். மேல கட்ட இடமே இல்லைன்னா அடியையாவது கட்டுங்க, தரையில முளைக்குச்சி அடிச்சு ரெண்டு காலையும் சேத்து. அந்தக் கட்டு போடற வரைக்கும் கீழ ஆள் கண்டிப்பா வேணும்.

பிடிக்கற ஆள் ஒரு காலை கீழ்ப்படியில வச்சு, ரெண்டு கையாலயும் ரெண்டு சட்டத்தையும் பிடிச்சு, உடம்பை ஏணிப் பக்கம் கொடுத்து நிக்கணும். தலையில ஹெல்மெட் இருக்கணும், பைக் ஹெல்மெட்டா இருந்தாலும் பரவாயில்ல, மேல இருந்து பட்டி பாக்கற தகடு விழுந்தாலே மண்டை பிளக்கும். போன் பாக்கக் கூடாது, பேச்சுக் கொடுத்தா பேசலாம், திரும்பிப் பாத்து பேசக் கூடாது.

இந்த இடத்துல மனசுல இருக்கறதை சொல்லிடறேன். சைட்ல ஏணி பிடிக்கற சித்தாளை சும்மா நிக்கறான்னு எல்லாரும் நினைக்கறாங்க. மேஸ்திரிக்கு அவனைப் பாத்தா கண்ணு உறுத்தும், "சும்மாதானே நிக்கறே, போய் டீ வாங்கிட்டு வா, அந்த மண்ணை அள்ளிப் போடு"ன்னு அனுப்பிடுவாங்க. மேல நிக்கறவனுக்கு அவன் போனதே தெரியாது, பழைய தைரியத்துலயே கையை எட்டி நீட்டுவான். ஏத்திவிட்ட ஏணியை எட்டி உதைக்காதேன்னு ஊர்ல சொல்வாங்க, வாத்தியாரை ஏணின்னு சொல்லி மேடையில மாலை போடுவாங்க, சரிதான், ஆனா நிஜமாவே ஏணிக்கு அடியில நின்னு ஒருத்தன் உசுரை கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறவனுக்கு கூலி எல்லாரையும் விட கம்மி. பிடிக்கறது ஒரு வேலை. அதுக்குன்னு ஆள் போடுங்க, அந்த ஆளை நகர்த்தாதீங்க. நகர்த்தணும்னா மேல இருக்கறவரை முதல்ல இறக்குங்க.

ஏறுறது

படியைப் பாத்து ஏறுங்க, இறங்கறப்பவும் படியைப் பாத்துதான், முதுகு காட்டி மாடிப்படி இறங்கற மாதிரி வராதீங்க. ரெண்டு கை ஒரு கால், இல்லைன்னா ரெண்டு கால் ஒரு கை, எப்பவும் மூணு ஏணியில இருக்கணும். அப்படின்னா கையில எதுவும் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். வாளி, ட்ரில், பல்பு எல்லாத்தையும் இடுப்புப் பையில போடுங்க, இல்லாட்டி மேல போனதும் கயிறு விட்டு இழுத்துக்கங்க. பரமபதத்துல தாயக்கட்டையை உருட்டி ஏணி விழுந்தா ஒரே தாவுல மேல் கட்டத்துக்கு போயிடலாம், வைகுண்ட ஏகாதசி ராத்திரி முழிச்சிருந்து ஆடின எல்லாருக்கும் அந்த சந்தோஷம் தெரியும். சுவத்துல சாத்தின ஏணியில படி தாண்டாதீங்க, இறங்கறப்ப கடைசி ரெண்டு படியை தாண்டி குதிக்கறதும் வேண்டாம், கணுக்கால் பிசகறது அங்கதான்.

தொப்புள் கணக்குன்னு எங்க பசங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கறது, உங்க தொப்புள் எப்பவும் ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல இருக்கணும். கை எவ்வளவு வேணா நீளட்டும், தொப்புள் சட்டத்தை தாண்டி வெளிய போச்சுன்னா ஏணி பக்கவாட்டுல புரளும். ஒரு சாண் எட்டலைன்னா இறங்கி ஏணியை ஒரு சாண் தள்ளி வையுங்க. இது எரிச்சலான வேலைதான், ஒரு சுவத்துக்கு பத்து தடவை இறங்கி ஏறணும், ஆனா வேற வழி கிடையாது.

சாத்தற ஏணியில மேல் மூணு படியில நிக்கக் கூடாது, அது கையால பிடிக்கறதுக்கு. மடக்கு ஏணியில உச்சித் தட்டும் அதுக்கு அடுத்த படியும் நிக்கறதுக்கு இல்ல. மடக்கு ஏணியை மடக்கினபடியே சுவத்துல சாத்தி ஏறாதீங்க, அதோட பாதம் விரிச்சு நிக்கறதுக்குன்னு செஞ்சது. விரிச்சதும் நடுவுல இருக்கற லாக் பட்டை முழுசா நேராச்சான்னு கையால அழுத்திப் பாருங்க. வேலை செய்யற சுவருக்கு நேர் முகமா ஏணியை வையுங்க, பக்கவாட்டுல வச்சுட்டு ட்ரில்லை அழுத்தினா ஏணி அந்தப் பக்கம் சாயும்.

இழுத்து நீட்டற ரெண்டு பாக ஏணின்னா ரெண்டு பாகமும் குறைஞ்சது 3 அடி ஒண்ணு மேல ஒண்ணு இருக்கணும், ரெண்டு பக்க கொக்கியும் படியில உக்காந்துச்சான்னு கண்ணால பாக்கணும், சத்தம் கேட்டுச்சுன்னு விட்டுடாதீங்க.

ஹவாய் செருப்போட ஏறாதீங்க. லுங்கி, வேட்டி, தொங்கற துப்பட்டா எல்லாம் படியில மாட்டும், சேலைன்னா கொசுவத்தை தூக்கி இறுக்கச் செருகிக்கிட்டு ஏறுங்க. மார்கழி காலையில ஏணி பூரா பனித்தண்ணி நிக்கும், வெயில் வந்ததும் துடைச்சுட்டு ஏறுங்க. பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடறவங்க, தலை சுத்தறவங்க அன்னைக்கு ஏணி பக்கமே வர வேண்டாம், வீட்டுல பெரியவங்க "நானே துடைச்சுடறேன்"னு கிளம்புவாங்க, விடாதீங்க.

கிணத்துக்குள்ள, தொட்டிக்குள்ள

மேல ஏறுறதுக்கு சொன்னது எல்லாம் கீழ இறங்கறதுக்கு போதாது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணறு, சம்ப், இதுக்குள்ள காத்து கெட்டுப் போயிருக்கும், இறங்கினவன் ஏணியிலயே மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்கற ரெண்டாவது ஆளும் போயிடுவான். நம்ம ஊர்ல ஒரே கிணத்துல, ஒரே தொட்டியில மூணு பேர் நாலு பேர்னு செத்த சேதி எல்லாமே இப்படித்தான். திறந்து வச்சு, காத்து அடிக்க விட்டு, வாயு இருக்கான்னு மீட்டர் வச்சு பாத்து, இடுப்புல பெல்ட்டும் கயிறும் கட்டி, மேல இருந்து இழுக்க ஆள் வச்சுட்டுத்தான் இறங்கணும்.

செப்டிக் டேங்குக்கு ஏணியே கிடையாது. மனுஷனை அதுக்குள்ள சுத்தம் பண்ண இறக்கறது 2013 சட்டப்படி குற்றம். லாரி வச்சு உறிஞ்சுங்க. "கொஞ்சம் இறங்கி பாருப்பா, எக்ஸ்ட்ரா தரேன்"னு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு கிளம்பிடுங்க.

நூலேணியும் பனிமலை ஏணியும்

சாத்த சுவரே இல்லாத இடத்துல நூலேணி. நீலகிரியில குறும்பர்கள் காட்டுக் கொடியில ஏணி திரிச்சு பாறையில தொங்கவிட்டு மலைத்தேன் எடுக்கறாங்க. ஸ்பெயின்ல வலென்சியா பக்கம் ஒரு குகை ஓவியத்துல, பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தினது, ஒரு ஆள் கொடி மாதிரி ஒண்ணுல தொங்கிக்கிட்டு தேன் கூட்டுக்குள்ள கையை விடறார், சுத்தி தேனீ பறக்குது. ஏணியை வரைஞ்ச படங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், சில கோடு, ஒரு ஆள், மேல ஒரு ஓட்டை, அவ்வளவுதான், ஆனா அந்த ஆளோட பயம் நமக்குத் தெரியும்.

நூலேணியில ஏறுறப்ப எல்லாரும் பண்றது, ரெண்டு காலையும் முன்னாடி இருந்து வச்சு ஏறுறது. உடனே கால் முன்னாடி தள்ளிட்டு போயிடும், உடம்பு மல்லாக்க தொங்கும், மொத்த வெயிட்டும் கையில. அந்தரத்துல தொங்கற ஏணின்னா கையை ஏணிக்குப் பின்னாடி கொண்டு போய் பிடிங்க, ஒரு காலை முன்னாடி இருந்தும் இன்னொரு காலை பின்பக்கமா சுத்தி குதிகாலை படியிலயும் வைங்க. ஏணி உடம்போட ஒட்டிக்கும். கையால தூக்காதீங்க, காலால எழும்புங்க.

கப்பலை துறைமுகத்துக்குள்ள வழிகாட்டி கொண்டு வர்றவரையும் பைலட்டுன்னுதான் சொல்வாங்க, அவர் கப்பல்ல ஏறுற நூலேணி வேற மாதிரி, அது கப்பல் பக்கவாட்டுல ஒட்டித் தொங்கும். சென்னை, தூத்துக்குடி துறைமுகத்துக்கு கப்பல் வந்தா பைலட் சின்னப் படகுல போய் அதுலதான் ஏறுவார். சர்வதேச விதிப்படி அந்த ஏணியில 9 மீட்டருக்கு மேல ஏற விடக்கூடாது, அதுக்கு மேல உசரம்னா பக்கவாட்டுல சாய்வுப் படியும் சேத்து இறக்கணும். கீழ் நாலு படி ரப்பர், நடு நடுவுல 1.8 மீட்டர் நீளத்துக்கு குறுக்குப் பலகை, ஏணி முறுக்கிக்காம இருக்க. அதுல கையை படியில வைக்க மாட்டாங்க, பக்கக் கயிறை பிடிப்பாங்க. படகு அலையோட உச்சிக்கு எழும்பற நேரம் பாத்து காலை ஏணிக்கு மாத்தணும், கீழ இறங்கற நேரத்துல மாத்தினா அடுத்த அலையில படகு மேல வந்து காலை நசுக்கும்.

எவரெஸ்ட்ல நேபாளப் பக்க வழியில, கும்பு பனிச்சரிவுல இருக்கறதும் நம்ம வீட்டு அலுமினிய ஏணிதான். பனி வெடிப்புக்கு குறுக்கால படுக்கப் போட்டு, நீளம் பத்தலைன்னா ஒண்ணோட ஒண்ணு கயித்தால கட்டி, பாலமா ஆக்கியிருப்பாங்க. இதுக்குன்னே ஷெர்பாக்கள்ல ஒரு குழு இருக்கு, பனிச்சரிவு டாக்டர்னு பேரு, சீசனுக்கு முன்னாடி போய் வழி போடறவங்க அவங்கதான். அதுல நடக்கறவங்க பூட்ஸுக்கு அடியில முள்ளுக்கட்டை மாட்டியிருப்பாங்க, அந்த முன் முள்ளுக்கும் பின் முள்ளுக்கும் நடுவுல படி உக்காற மாதிரி காலை வைக்கணும், முள்ளு சட்டத்துல சிக்கினா கதை முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் கயிறு போகும், அதை இடுப்பு உசரத்துல இறுக்கிப் பிடிக்கணும், பின்னாடி நிக்கறவங்க கயிறை இழுத்து விறைப்பா வச்சிருப்பாங்க. அங்கயும் பாருங்க, நடக்கறவன் உசுரு கயிறு பிடிக்கறவன் கையிலதான். வடக்குப் பக்கம், திபெத் வழியில, ரெண்டாம் படின்னு சொல்ற பாறையில 1975ல சீனக் குழு ஒரு ஏணியை மாட்டினாங்க, அது அங்கயே இருந்து பல வருஷம் ஏறினவங்க எல்லாருக்கும் வழியா ஆச்சு.

விழுந்துட்டா

யாராவது விழுந்துட்டா ஓடிப் போய் கையைப் பிடிச்சு தூக்கி உக்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. கழுத்துலயோ முதுகெலும்புலயோ அடின்னா நாம தூக்கறதுலயே கால் விளங்காம போயிடும். அப்படியே படுக்க விட்டு, தலையை ரெண்டு பக்கமும் கையால அசையாம பிடிச்சுக்கிட்டு, 108க்கு போன் பண்ணுங்க. மூச்சு இருக்கான்னு பாருங்க, ரத்தம் வந்தா சுத்தமான துணியால அழுத்துங்க. ஆட்டோவுல மடக்கிப் போட்டு கொண்டு போறதை விட ஆம்புலன்ஸுக்கு பத்து நிமிஷம் காத்திருக்கறது நல்லது. கரண்டு அடிச்சு விழுந்திருந்தா லைன் ஆஃப் ஆகற வரைக்கும் ஆளையும் தொடாதீங்க ஏணியையும் தொடாதீங்க. எழுந்து நின்னு "ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும் தலையில அடி பட்டிருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, வாந்தியும் மயக்கமும் சில மணி நேரம் கழிச்சுக்கூட வரலாம்.

வேலை முடிஞ்சதும்

ஏணியை அப்படியே சாத்தி விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க, அஞ்சு நிமிஷத்துல பக்கத்து வீட்டுக் குழந்தை நாலாவது படியில நிக்கும். ராத்திரி வெளிய விட்டா திருடனுக்கு மொட்டை மாடிக்கு நீங்களே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. பெயிண்ட், சிமெண்ட் ஒட்டினதை ஈரமா இருக்கறப்பவே துடைங்க, காஞ்சா படி வழுக்கும். சுவத்துல கொக்கி அடிச்சு படுக்கை வாக்குல மாட்டுங்க, நீள ஏணின்னா நடுவுலயும் ஒரு கொக்கி வேணும், இல்லாட்டி தொய்ஞ்சு வளையும். மூங்கிலை மண் தரையில போடாதீங்க, கரையான் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா கொடுங்க, ஆனா எந்தப் படி லூசு, எந்தப் பக்கம் புஷ் தேஞ்சிருக்குன்னு சொல்லிக் கொடுங்க, முடிஞ்சா கூடவே போய் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.